வெங்காய ரூம்

— இதை மட்டும் இடிக்காதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— சிஸ்டர், முன்னாடி ஆஸ்பத்திரி, பின்னாடி நீங்க தங்குற கான்வென்ட், ரெண்டும் நிக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஒரு செங்கல்லைக் கூடத் தொடமாட்டேன். ஆனா இது வெறும் வெங்காய ரூம். பழைய பிளான்லயே அப்படித்தான் போட்டிருக்கு. இதை எடுத்தாத்தான் ஆம்புலன்ஸ் திரும்பும்.

— சேசுவே! எத்தனை வருஷமா இன்ஜினியரா இருக்கீங்க?

— முப்பத்து மூணு. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன். ஏன்?

— வெங்காயத்துக்கு எதுக்கு தம்பி தண்ணிக் குழாயும் வெந்நீர் அடுப்பும்? தரை ஏன் அந்த மூலைக்குச் சரியுது?

— அட, ஆமா! கழுவி விடுறதுக்குத் தோதா... சுவர்ல ஆளுயரத்துக்கு வெள்ளை ஓடு வேற. ஆபரேஷன் தியேட்டர் மாதிரியில்ல இருக்கு!

— பிரசவ அறை.

— கான்வென்ட்டுக்குள்ளயா?

— அப்பல்லாம் கன்னியாஸ்திரீங்க பிரசவம் பாக்கக் கூடாதுன்னு ரோமாபுரிச் சட்டம். ஆஸ்பத்திரியில இருந்ததோ ஒரே ஒரு டாக்டர், அதுவும் தொரை. ஆம்பளைகிட்ட எவ வருவா? வீட்டுலயே கிடந்து செத்தாளுங்க. எங்க பெரிய மதருக்குப் பொறுக்கல. பிளான்ல வெங்காயம்னு எழுதிட்டு, கதவைச் சாத்திட்டு பிள்ளை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

— பலே கில்லாடியா இருந்திருக்காங்களே!

— இருங்க, கேளுங்க. ஒரு நாள் காலையில சொல்லாம கொள்ளாம பிஷப் சோதனைக்கு வந்துட்டார். இதோ, இந்தக் கதவுகிட்டதான் நிக்கிறார். “உள்ள என்ன?” “வெங்காயம், ஆண்டவரே.” சொல்லி வாய் மூடல, உள்ள வீல்னு ஒரு சத்தம்.

— ஐயையோ! மாட்டிக்கிட்டாங்களா?

— பிஷப் மதரைப் பாத்தார். மதர் தரையைப் பாத்தாங்க. “வெங்காயம் நம்மளை அழ வைக்கும்னு தெரியும், அதுவே அழுமா?”ன்னார். “இது புது ரகம், ஆண்டவரே”ன்னாங்க. அவர் கதவையும் சுவரையும் ஏற இறங்கப் பாத்தார். “காத்தோட்டம் பத்தாது, இன்னும் ரெண்டு ஜன்னல் போடுங்க”ன்னுட்டு விறுவிறுன்னு நடந்துட்டார்.

— ஹஹ்ஹா! அதான் அந்த ரெண்டு ஜன்னல் மட்டும் பிளான்ல இல்லையா! காலையிலருந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்.

— சிரிச்சது போதும். இடிப்பீங்களா, மாட்டீங்களா? சொந்தம்னு சொல்லிக்க எனக்கு உலகத்துல இருக்கிறது இந்த ஒரு ரூம்தான்.

— இடிக்க எனக்கே மனசு வரல சிஸ்டர். ஆனா மேல எழுதி அனுப்பணுமே. ஒளிச்சு மறைச்சு நடந்ததுக்கு ரெஜிஸ்டரா இருக்கும்? அன்னைக்கு இங்க இருந்த ஆள் யாராவது கையெழுத்துப் போட்டா நிறுத்திடலாம்.

— நான் போடுறேன்.

— விளையாடாதீங்க. அடுத்தவங்க சொல்லிக் கேட்ட கதையெல்லாம் செல்லாது, ரூல் ரூல்தான். அப்ப நீங்க கன்னியாஸ்திரீயே ஆகியிருக்க மாட்டீங்க.

— ஆகல.

— அப்புறம் உங்களை யாரு உள்ள விட்டா?

— எங்கம்மாதான். எழுதுங்க தம்பி, அன்னைக்கு உள்ள வீல்னு கத்தினது நான்தான்.