நம்பர் தெரியுற தூரம்

— இதுவே போதும்ங்கேன். சின்னதா, கைக்கு அடக்கமா இருக்கு. வாங்கிட்டு வா ஸ்டெபி, போவோம்.

— என்னது போதும்? அண்ணே, நீ நடுக்கடல்ல நின்னு எடுக்கப் போற. பொறந்தநாளுக்கு கேக்கு வெட்டுதத எடுக்கப் போறியா? அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. இந்த லென்ஸ்ல தூரத்துல போற விசைப்படகோட நம்பர் தெரியுமா, தெரியாதா?

— தங்கச்சி, நீங்க வந்த ஒடனயே நான் சொல்லிட்டேன். கேமரா ஒங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு, அதுல சண்டை இல்ல. சின்ன மிரர்லெஸ், எடை கம்மி, ஆடுத வள்ளத்துல ஒத்தக் கையில பிடிச்சிக்கிடலாம். ஆனா இதோட வார குட்டி லென்ஸ் வீட்டுக்கு ஆகும், கோயிலுக்கு ஆகும். கடலுக்கு எடுபடாது. ஒங்களுக்கு இந்தா, இந்த எழுபது-முந்நூத்தம்பது பெரிய லென்ஸ்தான் சரி.

— அண்ணாச்சி, நீங்க சும்மா இரிங்க. யாவாரத்துக்கு ஆயிரம் சொல்லுவீய. தொரட்டிக் கம்பு மாதிரி இருக்கு. இத வச்சிக்கிட்டு நான் வலைய இழுப்பனா, படம் எடுப்பனா?

— மரியான் தம்பி, தொரட்டி தூரத்துல உள்ளதப் பறிக்கத்தான? நீங்களே சொல்லிட்டீய பாருங்க.

— சிரிக்காதீங்க அண்ணாச்சி. எங்களுக்குச் சிரிப்பு வரல. போன தடவ இவரு போன்ல எடுத்த படத்தக் கொண்டுட்டுப் போயி ஆபீசர் மேசையில வச்சேன். வெரல வச்சு பெருசு பண்ணுதாரு, பெருசு பண்ணுதாரு. கடைசியில "ஏம்மா, இது படகா, மேகமா?"ன்னு கேட்டாரு. பின்னால நின்னவன் எல்லாம் சிரிச்சான். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிட்டு.

— ஆபீசர் வேற என்ன சொன்னாரு தங்கச்சி?

— வேற என்ன சொல்லுவாரு? "விசைப்படகு கரைக்குப் பக்கத்துல வந்து வலை இழுக்கது தப்புதான், சின்ன வள்ளத்துக்காரன் வலைய அறுத்தது அதவிடத் தப்பு. நம்பரக் கொண்டா, இன்னைக்கே கேஸ் போடுதேன். நம்பர் இல்லாம கடல் மேலயா கேஸ் போட?"ன்னாரு. அவரு சொன்னதுலயும் ஒரு ஞாயம் இருக்குல்லா? அதான் கேமரா.

— அதான் கேமரா வாங்குதோம்லா! நான் வேண்டாம்னா சொன்னேன்? எந்த லென்ஸ்ங்கது எடுக்கப் போறவன் பாடு. அவன் வாரது விடிஞ்சும் விடியாத நேரம். இந்த நீளக் கொழலு இருட்டுல வேல செய்யுமா? அதக் கேளு மொதல்ல.

— தம்பி கேக்கது சரியான கேள்வி. பெரிய லென்ஸுக்கு வெளிச்சம் கூடுதலா வேணும். குட்டி லென்ஸ்ல வெளிச்சம் நல்லா உள்ள எறங்கும்.

— கேட்டுக்கிட்டியா ஸ்டெபி? அண்ணாச்சி வாயால வந்துட்டு.

— முழுசாக் கேளுங்க தம்பி. வெளிச்சம் கம்மின்னா கேமராவுல ஐஎஸ்ஓவ ஏத்தி வச்சிக்கிடலாம். படத்துல மணல் தூவுன மாதிரி பொரிப்பொரியா இருக்கும், அவ்வளவுதான். கல்யாண ஆல்பத்துக்கு ஆகாது. நம்பர வாசிக்கதுக்குத் தாராளம். வள்ளம் ஆடுததுக்கும் லென்ஸுக்குள்ளயே ஸ்டெபிலைசர் இருக்கு. இருந்தாலும் ஷட்டர் வேகத்தயும் கூட்டி வைக்கணும், அது நான் செட் பண்ணித் தாரேன்.

— உப்புக்காத்துக்கு? ஒரு மாசத்துல துருப் பிடிச்சிரும்.

— அண்ணே, அந்தக் குட்டி லென்ஸ் மட்டும் உப்புல ஊறுனா இனிக்குமோ?

— ஏளா, வாய்க்கு வாய் பேசாத.

— சத்தம் போடாதீங்க தம்பி. ஒறை இருக்கு, மாட்டிக்கிடலாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால தொடச்சி, காத்துப் போவாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. இந்தக் கடைக்கு ஹார்பர்ல இருந்து எத்தன பேரு வாராவ, எல்லாருக்கும் இதத்தான் சொல்லுதேன்.

— பாத்தியா? ஒவ்வொண்ணுக்கும் பதில் இருக்கு. ஒனக்குத்தான் ஒண்ணு போனா இன்னொரு சாக்கு வருது. போன்ல எடுத்தா போதும்ன. பெறகு கேமரா வெல கூடன்ன. சரி, நான் சம்பாதிக்கேன், நான் வாங்குதேன்னேன். இப்ப லென்ஸ்ல வந்து நிக்க.

— கல்யாணத்த வச்சிக்கிட்டு இந்த வேல இப்பம் எதுக்குன்னுதான் கேக்கேன். வார ஞாயித்துக்கெழம கோயில்ல ஒன் பேரயும் மாப்பிள பேரயும் சேத்து மொத கல்யாண ஓலை வாசிக்கப் போறாவ. பொண்ணு ஆபீஸ் ஆபீஸா கேஸு போடணும்னு அலையுதா. மாப்பிள வீட்டுல என்ன நெனப்பாவ?

— என்ன நெனப்பாவ? மாப்பிள ஜெனோவே ஒன்னய மாதிரிதான் சொன்னாரு, "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு, விட்டுரு"ன்னு. அவரும் விசைப்படகு ஓட்டுதவரு, சங்கத்துல மனஸ்தாபம் வரும்னு பயப்படுதாரு. அவரு பயம் எனக்குப் புரியுது. அவரு ஆழக்கடலுக்குப் போறவரு, இந்தக் களவாணித்தனத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. ஒம் பயம்தான் எனக்குப் புரியல. அறுந்தது ஒன் வலை!

— சரி சரி, ரெண்டு பேரும் வாசலுக்கு வாங்க. பேசித் தீராது, எடுத்துப் பாத்தாத்தான் தீரும். அந்தா, தெருக் கடைசியில டீக்கடை தெரியுதா? முன்னால ஒரு லோடு ஆட்டோ நிக்கி பாருங்க. அதோட நம்பர எடுங்க. தங்கச்சி, மொதல்ல குட்டி லென்ஸ்ல.

— எடுத்துட்டேன். ஆட்டோவே எங்கன்னு தேட வேண்டியதிருக்கு. மஞ்சளா ஒரு புள்ளி, அதுதான் நம்பர் பிளேட்டு போல.

— போதுமே. மஞ்சளு தெரியுதுலா.

— அண்ணே, எனக்கு வாயில கெட்ட வார்த்த வருது.

— குடுங்கம்மா. பெருச மாட்டித் தாரேன். இந்தா, இந்த வளையத்தத் திருப்புனா கிட்ட வரும். லேசா அமுக்குனா ஃபோகஸ் ஆவும். ம், இப்ப முழுசா அமுக்குங்க.

— மாதாவே! அண்ணே, இங்கன வாயேன். நம்பர விடு. டிரைவர் டீ குடிக்காரு, மீசையில நுரை ஒட்டியிருக்கு, அதுகூடத் தெரியுது!

— மூஞ்சி தெரியுதா?

— தெரியுதாவா? கன்னத்துல மரு இருக்கு, பாரு.

— அப்ப இது வேண்டாம்.

— என்னது?

— வேண்டாம்ங்கேன். அண்ணாச்சி, கழத்துங்க அத. சின்னதப் போடுங்க, இல்லன்னா ஒண்ணுமே வேண்டாம். நான் போறேன்.

— நில்லுண்ணே. நீ போவக் கூடாது. மூஞ்சி தெரிஞ்சா ஒனக்கு என்ன? ஒன் வலைய உழுதுட்டுப் போனவன் மூஞ்சி ஊருக்குத் தெரிஞ்சா ஒனக்கு எங்க வலிக்கி?

— நடுத்தெருவுல கத்தாத. உள்ள வா.

— கத்துவேன். விசைப்படகுக்காரன்கிட்ட ஏதும் வாங்கிட்டியா?

— ஏளா! அடிச்சேன்னா பல்லு எகிறிரும். யாரப் பாத்து என்ன கேக்க?

— தம்பி, கைய எறக்குங்க! பொம்பளப் பிள்ள மேல எங் கடை வாசல்ல கை ஓங்கக் கூடாது. உள்ள வாங்க ரெண்டு பேரும். எலெய் பையா, கடை ஷட்டரப் பாதி எறக்குலே.

— அடிக்கட்டும் அண்ணாச்சி. எவனையும் அடிக்க வக்கில்ல, தங்கச்சிய அடிக்கட்டும். பிலோமி அக்கா வீட்டு வலையும் போச்சுல்லா? அவ புருசன் வள்ளத்தக் கரையில ஏத்திப் போட்டுட்டு குடிக்கான். அவ இப்பம் இறால் கம்பெனியில நின்னு தோல் உரிக்கா. ஐஸ்ல கெடந்து வெரலெல்லாம் வெடிச்சி, அந்தக் கையோட வந்து எங் கையப் பிடிச்சிக்கிட்டு, "நீ படிச்சவ, ஏதாச்சும் செய் ஸ்டெபி"ன்னு அழுதா. நீயும் அங்கனதான நின்ன? கல்லு மாதிரி நின்ன.

— கல்லா? எனக்கு வலிக்கலன்னு நெனைக்கியா? அன்னைக்கு வலைய இழுக்கேன், இழுக்கேன், கந்தலா வருது. மீனு இல்ல, கண்ணி இல்ல, வெறும் கயிறு. வள்ளத்துல குத்தவச்சு, சின்னப் பிள்ள மாதிரி அழுதேன். வீட்டுல சொல்லல. ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?

— எங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவ?

— ஒங்கிட்ட மட்டும் சொல்ல முடியாது.

— ஏன்?

— நம்பர் எனக்குத் தெரியும்ளா.

— என்ன சொன்ன?

— அந்த போட்டு நம்பர் எனக்குத் தெரியும். மொத நாள்லயே தெரியும். நம்பர் என்ன நம்பர். ஓட்டுனவனையே பாத்தேன். இந்த டீக்கடை தூரங்கூட இல்ல. டார்ச்ச அடிச்சி, "வலை கெடக்கு, வலை கெடக்கு"ன்னு தொண்ட கிழியக் கத்துதேன். எட்டிப் பாத்தான். நான்தான்னு அவனுக்குத் தெரிஞ்சிது. தெரிஞ்சும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எஞ்சின முடுக்குனான்.

— யாருண்ணே?

— விடு ஸ்டெபி.

— யாருன்னு கேக்கேன்.

— ஞாயித்துக்கெழம ஒம் பேரோட சேத்து யாரு பேர வாசிக்கப் போறாவளோ, அவன்தான்.

— ஜெனோவா?

— ஜெனோதான்.

— தங்கச்சி, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க. தம்பி, கொஞ்சம் பொறுத்துப் பேசக் கூடாதா?

— எனக்குத் தண்ணி வேண்டாம் அண்ணாச்சி. அவரு ஆழத்துக்குல்லா போறாரு. எங்கிட்ட அப்படித்தான சொன்னாரு.

— எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தான். மறுநாளே அவன் ரூமுக்குப் போனேன். சட்டையப் பிடிச்சேன். "மச்சான், மொதலாளி சொல்லுக்கு மேல நான் என்ன செய்ய? மீனு இல்லாம வெறும் படகோட வந்தா வேலய விட்டு நிறுத்திருவாரு. கல்யாணத்துக்கு முன்னால வேல போனா ஸ்டெபி வீட்டுல எப்படி வந்து நிப்பேன்?"ன்னு காலப் பிடிச்சான். இனிமே கரைப்பக்கம் வர மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனான். சரி, ஒரு தடவதானன்னு விட்டேன். பத்து நாளு கழிச்சு பிலோமி வீட்டு வலை மேல போனான்.

— அதுக்கப்பறமும் நீ வாயத் தொறக்கல.

— எப்படித் தொறக்க? நிச்சயம் முடிஞ்ச பிள்ள நீ. அப்பா இருந்தா அவரு பாத்துக்கிடுவாரு. ஊரு அவனையா பேசும்? ஒன்னயத்தான் பேசும். இன்னொரு படமும் மங்கலா வரட்டும், ஆபீஸ்ல திரும்பவும் சிரிக்கட்டும், நீயே சலிச்சுப்போயி விட்டுருவன்னு நெனச்சேன். கல்யாணம் முடிஞ்சா அவன நானே திருத்திருவேன்னு நெனச்சேன்.

— திருத்துவியா? பிலோமி அக்கா வெரலத் திருத்துவியா? எனக்காக நீ மூடி வச்ச, எனக்காக அவரு வலைய அறுத்தாரு. எல்லாம் எனக்காக! என்னய ஒரு வார்த்த கேட்டீயளா ஒருத்தராச்சும்? அவரக் கட்டிக்கிட்டு அந்த மீனத்தான தெனம் நான் ஆக்கித் திங்கணும்?

— இப்ப என்ன செய்யச் சொல்லுத?

— அண்ணாச்சி, பெரிய லென்ஸையே பில் போடுங்க.

— தங்கச்சி, நான் யாவாரி, எனக்கு வித்தாப் போதும். ஆனாலும் சொல்லுதேன். வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட பேசுங்க. ரெண்டு நாளு கழிச்சி வாங்க. லென்ஸ் இங்கனதான் இருக்கும்.

— ரெண்டு நாளு கழிச்சா எனக்கு மனசு எளகிரும் அண்ணாச்சி. இப்பமே போடுங்க. ஒறையும் சேத்து.

— ஸ்டெபி, எங் கையால அவனப் படம் எடுக்க மாட்டேன். அது என்னால ஆவாது.

— நீ எடுக்க வேண்டாம். நீ வள்ளத்த ஓட்டு. நான் எடுக்கேன்.

— பொம்பளப் பிள்ள வள்ளத்துல வாரதா? ஊரு சிரிக்கும்.

— ஆபீஸ்ல சிரிச்சாச்சு. ஊருந்தான் சிரிக்கட்டுமே.

— வெறி பிடிச்சவ மாதிரிப் பேசாத. கடல் என்ன தெருவா, முக்குல நின்னா வந்துருவான்னு? எந்தப் பக்கம் வருவான்னு யாருக்குத் தெரியும்?

— கேட்டாத் தெரியும்.

— யாருகிட்ட கேப்ப? ஏளா, போன வையி. ஸ்டெபி, வேண்டாம், வச்சிரு!

— பேசாத, ரிங்கு போவுது. ஹலோ, ஜெனோவா? சாப்ட்டீயளா? ஒண்ணும் இல்ல, சும்மாதான் போட்டேன். நாளைக்கு எந்தப் பக்கம் போறீய?