வல்லிபுரம் கவ்வி

மனிதத் தோலை ஊசியின் கொடுமையிலிருந்து விடுவித்தவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அவர்களில் ஒருவன் உங்கள் முன்னால் இந்த வாங்குப் பலகையில் இருக்கிறான். அந்தப் பெரும் எண்ணம் எனக்கு உதித்தது நண்டுக் கறி வைக்கும்போது. சரியாகச் சொன்னால், கறி வைத்தவள் என் மனைவி மீனலோசனி. நான் உயிர் நண்டு கிடந்த ஓலைக் கடகத்துக்குள் பார்க்காமல் கையை விட்டவன்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள தோலை நண்டு பிடித்துக்கொண்டது. வேறொருவராக இருந்தால் அலறியிருப்பார். நானும் அலறினேன். ஆனால் அலறிக்கொண்டே கவனித்தேன். தோலின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று இறுகி நின்றன. ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.

"இஞ்சேருங்கோ, கையை ஆட்டாதேங்கோ. நண்டுக்கும் பயமாயிருக்குமெல்லோ" என்றாள் மீனலோசனி. அகப்பையை எடுக்கப் போனவள் சிரித்து முடித்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

விசாரிக்க வந்த நீங்கள் அருளப்புவின் காலிலிருந்து தொடங்கும்படி சொன்னீர்கள். அந்தக் காலுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். நண்டு இல்லாமல் அதை விளங்கிக்கொள்ள ஏலாது.

நான் இந்தத் தீவின் மருந்தகத்துக்கு அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியனாக, வந்தது 1958இல். சனங்கள் என்னை டொக்டர் என்பார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் அவர்கள் மனம் புண்படும். இங்கே உப்புக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும். யாழ்ப்பாணத்துக்கு எழுதிக் கேட்டால் லோஞ்ச் படகு கொண்டுவருவது பாதி நனைந்திருக்கும், மீதி வராது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தன் மூளையைத்தான் பாவிக்க வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிற இந்த மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன் இருந்தவர் வருடக்கணக்காக இது ஆட ஆட எழுதியிருக்கிறார். ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. நான் வந்த முதல் நாளே களஞ்சிய அறையில் கிடந்த தட்டையான தகரப் பெட்டி ஒன்றை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்தேன். அன்றைக்கு நின்ற ஆட்டம்தான். இந்த மருந்தகத்தில் என் முதல் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்லலாம்.

என் பெயரையே வைத்த கவ்வி இரண்டாவது. மெல்லிய வெள்ளித் தகடு, பாதி விரல் நீளம், இரண்டு நுனியிலும் உள்பக்கம் வளைந்த பல். காயத்தின் இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்து, மேலே வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். வெள்ளி துருப்பிடிக்காது. ஐயாத்துரைப் பத்தர் செய்து தந்தார். தோடும் மூக்குத்தியும் செய்த கை. என்ன நகை இது, எங்கே போடுகிறது என்று கேட்டார். காலில் என்றேன். கால்விரல் மிஞ்சி என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் ஓர் ஆட்டில் பரீட்சித்தேன். ஆடு தன் கவ்விகளைத் தானே பல்லால் இழுத்துத் தின்றுவிட்டது. அறிவியலில் இப்படி நடக்கும். மனிதர்களிடம் அந்த ஆபத்து இல்லை என்பதால் மனிதர்களுக்குப் போனேன்.

கவ்வி வேலை செய்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கதிர்காமுவின் மனைவி யோகம்மா ஓலை கிழிக்கும்போது சத்தகக் கத்தி வழுக்கி உள்ளங்கை பிளந்து வந்தாள். கவ்விகளைப் போட்டு அனுப்பினேன். கை பூவாக ஆறியது. அடுத்த வாரமே புருஷனும் பெண்சாதியும் நயினாதீவுக்குப் போய், வெள்ளியில் ஒரு சின்னக் கை செய்து அம்மனுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார்கள். கதிர்காமு எனக்கு வாழைப்பழச் சீப்பு ஒன்று கொண்டுவந்தார்.

"அம்மாளாச்சி கைவிடேல்லை ஐயா" என்றார்.

"கவ்வி?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. அதுவும் கிடந்தது."

நான் சைவன். எங்கள் வீட்டிலும் நேர்த்திக்கடன் வைப்பது உண்டு. உடம்பில் எந்த உறுப்பு நோகிறதோ அதை வெள்ளியில் செய்து போடுவது இந்தத் தீவுகளில் கோயில்காரருக்கும் பொதுவழக்கம், கிறிஸ்தவ வேதக்காரருக்கும் பொதுவழக்கம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காயத்தை நான் மூட, வெள்ளி வேறு வாசலுக்குப் போனது. இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுமை என்னுடைய இயல்பு. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

1964 மே மாதக் கடைசியில் அருளப்புவைக் கொண்டுவந்தார்கள். கரையில் நல்ல மீன்பிடித் தொழிலாளி. வள்ளத்துக்கும் கடலடி முருகைக்கல்லுக்கும் நடுவில் அகப்பட்டு, முழங்காலுக்குக் கீழே சதை நீளத்துக்குப் பிளந்திருந்தது. எலும்பு உடையவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு லோஞ்சும் நின்றது. ஆனால் அவ்வளவு நீளமான, அவ்வளவு நேரான ஒரு காயம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

பத்தர் செய்து வைத்திருந்த கவ்விகள் எல்லாவற்றையும் போட்டேன். காலை வெயில் யன்னலால் வந்து விழும்போது அந்தக் கால் தேர் மாதிரி மினுங்கியது. சனங்கள் பார்க்க வந்தார்கள். அருளப்பு வாய் நீண்டவன்.

"பார்த்தியளே, என்ரை காலிலை ஐயா நண்டு வளர்க்கிறார்" என்பான் வந்தவர்களிடம்.

"இது நண்டில்லை அருளப்பு. இதற்குப் பெயர் வல்லிபுரம் கவ்வி."

"நண்டுக்கும் ஆரோ ஒராள்தான் பேர் வைச்சவர் ஐயா. அதுக்குத் தெரியுமே?"

ஆட்கள் போன பிறகு மட்டும் அவன் குரல் இறங்கும். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. கால் நிக்குமோ? கால் போனா வள்ளத்திலை என்னை ஏத்தமாட்டினம். பெண்டுகளோடை இருந்து கருவாடு காயப்போட வேண்டியதுதான்."

"நிற்கும்" என்றேன். பொய் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. கரைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு வாரம் அசையாமல் கிடந்தால் அவன் மறுபடியும் கடலுக்குப் போவான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் தம்பிராசா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்க வேண்டும், வளைவு கட்டி, மாலை போட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரிய டொக்டரையும் கூப்பிட்டு, என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. மீனலோசனிதான் கேட்டாள். என் சால்வைக்குக் கஞ்சி போட வேண்டுமே.

"அந்தோனியார் கோயில் பெருநாள் முடியட்டும். இப்ப வைச்சா ஆர் வருவினம்? சனம் முழுக்க அங்கைதான் நிக்கும்" என்றார் தம்பிராசா.

நான் அருளப்புவின் காலிலிருந்த கவ்விகளை எண்ணத் தொடங்கினேன்.

அன்று பின்னேரம் அருளப்புவின் மனைவி அந்தோனியம்மா கஞ்சியோடு வந்தாள். புருஷன் குடித்து முடித்ததும் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு உதவி. இந்த வெள்ளியளைக் கழட்டினாப் பிறகு எறிஞ்சு போடாதேங்கோ. எங்களிட்டைத் தாங்கோ. பத்தரிட்டைக் குடுத்து உருக்கி அந்தோனியாருக்கு ஒரு கால் செய்து போடுவம். நேர்த்தி வைச்சனான். பெருநாளுக்கு முன்னம் கிடைச்சா நல்லது."

"கவ்விகள் என்னுடையவை, அந்தோனியம்மா."

"வெள்ளி உங்கடைதான் ஐயா" என்றாள், மிக மரியாதையாக. "சுகம் அந்தோனியாரின்ரையெல்லோ."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்ல பெண். அவளுடைய கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தாள். அதைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு காயத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுகிறார்கள். ஒருவர் அந்தோனியார், மற்றவன் நான். எவருடைய பிடியில் அது நிற்கிறது என்று அறிய ஒரே ஒரு வழிதான் உண்டு. ஒருவர் கையை எடுக்க வேண்டும். அந்தோனியாரைக் கையை எடுக்கச் சொல்ல என்னால் ஏலாது.

இதில் கோபம் ஒன்றும் இல்லை. இது ஒரு பரிசோதனை. அந்தப் பெண்ணும் கேட்டாள்.

அடுத்த நாள் காலை கவ்விகளைக் கழற்றினேன். போடுவதற்குத்தான் நான் வழி கண்டுபிடித்திருந்தேன். கழற்றுவதற்கு என்று தனியாக ஒன்றும் இருக்கவில்லை. முந்தி சின்னக் காயங்களில் நகத்தால் நெம்பி எடுத்துவிடுவேன். இவை சதைக்குள் நன்றாக இறங்கியிருந்தன. மருந்தக ஓடலி சவிரிமுத்துவை அனுப்பிக் குறடு ஒன்று வாங்கிவரச் சொன்னேன்.

"ஐயா, இது சைக்கிள் கடைக் குறடெல்லோ. செயினிலை கிடந்தது" என்றான்.

"துடை" என்றேன்.

கொதிக்க வைத்தேனா என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு அடுப்பில் தேத்தண்ணிக் கெண்டி இருந்தது.

அருளப்பு கத்தவில்லை. துவாயைக் கடித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தான். சில இடங்களில் பல்லோடு சேர்ந்து கொஞ்சம் சதையும் வந்தது. கரைகளை விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு இடத்தில் வாய் திறந்தது. சவிரிமுத்து என் முகத்தைப் பார்த்தான். நான் காயத்தைச் சீலைத்துணியால் சுற்றிக் கட்டினேன்.

"முடிஞ்சுதே ஐயா?"

"முடிந்தது. வீட்டுக்குப் போகலாம்."

"பெருநாளுக்குச் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்குப் பின்னாலை நடக்கிறதெண்டும் இவள் நேர்த்தி வைச்சிட்டாள். வெறுங்காலோடை. நடக்கலாமோ?"

"உம்முடைய அந்தோனியார் பிடித்திருக்கிறார்தானே" என்றேன். "நடவும்."

அவன் சிரித்தான். நான் பகிடி விடுவதாக நினைத்துவிட்டான்.

கழுவின கவ்விகளை ஒரு கடதாசியில் மடித்து அந்தோனியம்மாவிடம் நானே கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். பத்தர் உருக்கினார். தான் செய்ததைத் தானே உருக்குகிறோம் என்று அவருக்கு விளங்கியதோ தெரியாது. கால் அழகாக வந்திருந்தது. விரல் நகம்கூட வைத்திருந்தார்.

பெருநாளன்று நான் வேலிக் கரையில் நின்று பார்த்தேன். அருளப்பு அந்தோனியார் சொரூபத்துக்குப் பின்னால், சுடுமணலில், ஒருவர் தோளையும் பிடிக்காமல் நடந்தான். முதல் சுற்றில் சீலை வெள்ளையாக இருந்தது. பாதியில் சிவந்தது. அவன் நிற்கவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். என் சொல்லைக் கேட்கிறவன். ஆனால் நடுவில் நிறுத்தினால் பரிசோதனை பழுதாகிவிடும்.

மூன்றாம் நாள் கால் கறுத்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினான். தமையன் பஸ்ரியாம்பிள்ளை லோஞ்சுக்குக் காத்திராமல் தங்கள் வள்ளத்திலேயே ஊர்காவற்றுறைக்கு ஏற்றி, அங்கிருந்து வான் வண்டி பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோனான். அங்கே முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த டொக்டர், எடுத்த காலில் குறட்டின் பல் அடையாளத்தைக் கண்டு மேலிடத்துக்கு எழுதினாராம். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவர் கவனமான மனிதர். கவ்வியின் அடையாளத்தையும் கண்டாரா என்று நீங்கள் சொல்லவில்லை.

பரிசோதனையின் முடிவு எனக்குச் சாதகம். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. கவ்வி இருந்தவரை கால் இருந்தது. இந்த முடிவைத் தீவு ஏற்றுக்கொள்ளும் என்று காத்திருந்தேன்.

அருளப்பு கவைத்தடியோடு வந்து இறங்கினான். கோயிலில் அந்த வெள்ளிக் காலைப் பார்க்க இப்போது அனலைதீவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பாவி கட்டையிலே போக வேண்டியவன், அந்தோனியார் காலை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரைத் திருப்பித் தந்துவிட்டார் என்று சொல்லுகிறார்கள். வெள்ளிக் கால் தொங்குகிறது, மற்றக் கால் இல்லை, கணக்குச் சரியாயிற்றாம். அருளப்பு கரையில் பெண்களோடு இருந்து கருவாடு காயப்போடுகிறான். வாய் குறுகிவிட்டது. சென்ற மாதம் எனக்கு ஒரு பார்சல் சீலாக் கருவாடு கொண்டுவந்து தந்தான்.

"ஐயா அண்டைக்குக் கட்டி விட்டபடியால்தான் உயிர் தப்பினனான் எண்டு இவள் சொல்லுறாள்" என்றான். "அந்தோனியாருக்கு அடுத்தது நீங்கள்தான்."

கருவாடு நல்ல கருவாடு. ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கால் ஆறிக்கொண்டிருந்தபோது புகழ் அவருக்கு. கால் போனபோதும் புகழ் அவருக்கு. தம்பிராசா அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. வளைவுக்கு வெட்டின கமுகு அந்தோனியார் கோயில் பந்தலுக்குப் போனது.

ஆகவே எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். அருளப்புவின் காலை எடுத்தவர் அந்தோனியார் அல்ல. நான். ஆறாத காயம் என்று தெரிந்து கழற்றினேன். திறக்கும் என்று தெரிந்து நடக்கவிட்டேன். இந்த மருந்தகத்தில் நடந்தது எதற்கும் வேறு எவரும் பொறுப்பில்லை. கருவியின் பெயரையும் சரியாக எழுதுங்கள்: வல்லிபுரம் கவ்வி. உலகத்தில் இப்படியொன்று இதற்கு முன் இருந்ததில்லை.

எழுத வெளிச்சம் போதாது என்று மேசையை யன்னல் பக்கம் இழுத்தீர்கள். அது ஆடியது. குனிந்து பார்த்தீர்கள்.

ஓம், அதுதான் நான் சொன்ன தகரப் பெட்டி. மூடி நிலத்தைப் பார்க்க வைத்திருந்தேன், வாசித்ததில்லை. கொழும்பிலிருந்து 1952இல் வந்ததாக அச்சடித்திருக்கிறது. முத்திரை உடைபடவில்லை. நீங்கள்தான் உடைத்தீர்கள். மெழுகுத் தாளில் வரிசையாகக் காயம் மூடும் கவ்விகள். இரண்டு நுனியிலும் பல். ஒன்றும் துருப்பிடிக்கவில்லை.

கழற்றுகிற குறடும் அதற்குள்ளேயே இருக்கிறது.