ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிய சிரிப்பு

அவைக்கு நாயகராய் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் முத்துராஜா அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கண்ணால் கேட்கும் துறைத்தலைவர்களே! அனுமந்தன்பட்டியிலிருந்தும் சுருளிப்பட்டியிலிருந்தும் அன்றாட வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்றெடுத்த செல்வங்களை எங்களை நம்பி ஒப்படைத்த தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நாளைய நம்பிக்கைகளே! தமிழ்த்துறைச் செல்வமணியின் தலைதாழ்ந்த வணக்கம்.

கல்லூரி வகுப்பில் நகைச்சுவை எப்படி இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. கைதட்டாதீர்கள் ஐயா, உண்மையாகத்தான் சொல்கிறேன். போன மாதம் வரை தெரிந்திருந்தது. பாடத்தோடு பொருந்த வேண்டும், எவர் பெயரையும் இழுக்கக் கூடாது, பிள்ளைகள் கண்ணால் கண்ட வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். முத்து முத்தாக மூன்று விதிகள் வைத்திருந்தேன்! மூன்றையும் ஒரு ஜீப்பு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இதோ முன்வரிசையில் நெளிகிறாரே, இயற்பியல் துறை ஸ்டீவன், அவர்தான் வாயுக்களின் அழுத்தம் பற்றிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒரு கலத்துக்குள் துகள்களை எவ்வளவுதான் நெருக்க முடியும் என்று கேட்டுவிட்டு, "காலையில கூலியாளுகள அடைச்சுக்கிட்டுக் கம்பம்மெட்டு மலையேறுற ஏலத்தோட்ட ஜீப்பப் பாருங்க, இயற்பியலே தோத்துப்போகும்" என்றார். வகுப்பே குலுங்கியது. அத்தோடு நின்றதா? பின்வரிசையில் ஒருவன், "சார், அனுசுயாவோட அம்மா அதுலதான் வேலைக்குப் போறாக" என்றான். அத்தனை கண்ணும், அத்தனை சிரிப்பும் அதே வகுப்பில் இருந்த அனுசுயாவின் மேல் திரும்பின. மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இறுதியாண்டுப் படிப்பையே விடப்போகிறாள் என்று சேதி வந்தது.

விசாரிக்க என்னை அனுப்பினார்கள். எதை விசாரிப்பேன்? பாடத்தோடு பொருந்தியதா? பொருந்தியது. பெயரைச் சொன்னாரா? அவர் சொல்லவில்லை. கண்ணால் கண்டதா? தினம் தினம் கண்டது! விதிப்படி பழுதே இல்லை. பிறகு ஏன் ஒரு பெண்பிள்ளை வீட்டில் அழுகிறாள்?

சுருளிப்பட்டிக்கே போனேன். அனுசுயாவின் தாய் இருளம்மாள் அப்போதுதான் மலையிறங்கி வந்திருந்தார். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தார்! ஜீப்பில் கால் மரத்துப்போய், தன் கால் என்று நினைத்து அடுத்தவள் காலைத் தேய்த்துவிட்ட கதையையும் சேர்த்துச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். விசாரணைக்குப் போனவன் சிரிக்கலாமா? அனுசுயா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா சிரிக்கட்டும் சார். வளைவுக்கு வளைவு உசுரக் கையில புடிச்சுட்டுப் போறது அவுக. வகுப்புல சிரிச்சவுக யாரு சார் அதுல ஏறிப் பாத்தாக?"

அவள் கேட்டதை அப்படியே வந்து ஸ்டீவனிடம் சொன்னேன். அவர் மறுநாள் விடியலில் போய் அந்த ஜீப்பில் ஏறிவிட்டார்! போனவர் பாதி மலையில் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி... வேண்டாம், சாப்பாட்டு நேரம். மேட்டில் இறங்கும் வரை இருளம்மாளும் கூட வந்த பெண்களும் அவரை வைத்துச் சிரித்தார்களாம்.

திங்கட்கிழமை அனுசுயா வகுப்புக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் ஸ்டீவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் எழுந்து சொன்னாள்: "அழுத்தப் பாடம் பாதியில நிக்குது, நடத்துங்க சார். ஆனா நீங்க ஜீப்புல வாந்தியெடுத்த கதைய நான்தான் சொல்லுவேன்." சொன்னாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஸ்டீவன்.

அதே ஜீப்பு! அதே வகுப்பு! அதே வாய்கள்! அன்று விரட்டிய சிரிப்பு இன்று வரவேற்றது எப்படி? விதி எங்கே, விளக்கம் எங்கே? சத்தியமாக எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஒருவேளை, நாம் எங்கே அமர்ந்துகொண்டு சிரிக்கிறோம் என்பதுதான்...

யாரம்மா கூப்பிடுவது? இருளம்மாளா? ஒரு பெஞ்சில் ஜீப்பில் போகிற அத்தனை பேரும் எப்படி அடங்கினீர்கள்? என்ன சொல்கிறீர்கள்?

"சார், இங்கன இன்னும் ரெண்டு பேரு ஒக்காரலாம். மேடைய விட்டு எறங்கி வாங்க."

வருகிறேன் தாயே! ஸ்டீவன், நீங்களும் வாருங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மீதி வணக்கத்தை அந்த பெஞ்சில் அமர்ந்தே சொல்கிறேன்.