உன் அம்மாவின் கீபோர்டு

லேப்டாப்பை முழுக்கப் பின்னால் மடித்து டேப்லெட் மாதிரி வைத்தால், கீபோர்டு அடிப்பக்கம் போய்விடும். கையோ துணியோ பட்டாலும் அழுந்தும். அதனால் அப்போது அது வேலை செய்யாமல் இருப்பதே நல்லது. உன் அம்மாவின் கீபோர்டில் பழுதே இல்லை என்று நேற்று சர்வீஸ்காரர் உன்னிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பாப்பா.

கீலில் ஒரு சென்சார் இருக்கிறது. மடித்ததும் அது ஓர் எண்ணை அனுப்பும். கெர்னலுக்குள், அதாவது கணினியின் அடிப்படை மென்பொருளுக்குள், இருக்கும் டிரைவர் என்ற சின்ன நிரல் அந்த எண்ணைப் பார்த்து, "மடித்தாயிற்று" என்று கணினிக்குச் சொல்லும். உடனே கீபோர்டு அடங்கிவிடும். என் அக்காவின், அதாவது உன் அம்மாவின், லேப்டாப் புது மாடல். அதன் எண் டிரைவருக்குத் தெரியாது, காதிலேயே வாங்காது. அவள் படிப்பதற்காக நான் மடித்து நிறுத்தினால், போர்வை பட்டு லேப்டாப் "ககககக" என்று உளறும். அக்காவின் கண் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த எண்ணைக் கண்டுபிடித்து டிரைவரில் சேர்த்தேன். அதைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

நோய் அவள் குரலை எடுத்தது, கழுத்தை எடுத்தது, ஒரு விரலை மட்டும் விட்டுவைத்தது. ஸ்கிரீனைத் தொடக் கை எழாது. கீபோர்டில் கிடந்தபடி விரல் அழுத்தும், லேப்டாப் பேசும். ஒரு நாள் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன். "நாக்குதான்டா போச்சு, ருசி போகலை" என்றாள். அவள் இருக்கும்வரை எனக்கு வேறு பேச்சுத்துணை தேவைப்படவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் சொன்னாள்: "பொண்ணு கூப்பிடறா. போறேன்டா. நீயும் உன் வாழ்க்கையைப் பாரு."

நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அவளுக்குத் தெரியாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

நீ வருவதற்கு முதல் நாள் டிரைவரில் ஒரு வரியை மாற்றினேன். திறந்திருந்தாலும் மடித்தாயிற்று என்றே சொல்லும். சின்ன மாற்றம். இதை யாருக்கும் அனுப்பவில்லை.

நீ கட்டிலோரம் உட்கார்ந்து, "அம்மா, என்கூட வரியா?" என்று கேட்டாய். விரல் அழுத்தியது. வ. ர. திரும்பவும் வ. லேப்டாப் பேசவில்லை.

"ஏதோ அழுத்தறாளே மாமா."

"கை நடுங்குது பாப்பா. கொஞ்ச நாளா பேசவே பிரியமில்ல அவளுக்கு."

நீ விடவில்லை. "வரதுன்னா கண்ணை மூடும்மா" என்றாய். மூடினாள். மூடியே வைத்திருந்தாள். இமையோரம் நனைந்தது. தூக்கம் வருகிறது, விட்டுவிடு என்றேன். மாமா சொன்னால் நீ கேட்பாய். கேட்டாய்.

நீ போனதும் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எடுத்தால் அவள் முதலில் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். எடுக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் முகம் துடைத்துவிட்டு, லேப்டாப்பை அவள் விரலடியில் வைத்தேன். அதில் குறை வைக்கவில்லை. வெகு நாள் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு விரலும் நின்றது. நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அவள் போகும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

என்மேல் அவளுக்குக் கோபம் இருந்திருக்காது, பாப்பா. கடைசி வரைக்கும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.