ரேகை சொன்ன பேரு

ஜெயமேரி: இந்தத் தடவையும் தள்ளிருச்சா? ஏண்டி ஐரினு, ஒன் மெஷினுக்கு எங்க சூசையண்ணனைப் பிடிக்கலையா?

ஐரின்: கேலி பண்ணாதீங்கக்கா. இவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கு. அதான் புதுசு தர மாட்டேங்குது.

ஜெயமேரி: அது எப்பிடி? வாய் பேசாத மனுசன். ஒம்பது வருசத்துக்கு முன்னாடி நத்தம் ரோட்டோரம் காச்சலோட கெடந்தாரு, எங்க ஆதரவில்லாதவங்க இல்லத்துக்குத் தூக்கிட்டு வந்தோம். சூசைங்கிற பேரே நாங்க வச்சது...

ஐரின்: பேரு நீங்க வச்சது. ரேகை அவரோடதுல்ல?

ஜெயமேரி: எங்க ரேகை இருக்கு? கல்லும் மண்ணும் அள்ளி அள்ளி வெரலெல்லாம் வழுவழுன்னு...

ஐரின்: ஆமாக்கா. ஏழு வெரலு விழவே இல்ல. கண்ணுல புரை, அதுவும் சரியா விழல. மிச்சம் மூணே வெரலு! அத வச்சு இத்தனை கோடிப் பேருக்குள்ள இவரைத் தேடி எடுத்திருக்கு. எனக்கே மேலு சிலுத்துப் போச்சு.

ஜெயமேரி: ஆத்தாடி... வேற ஆளா இருந்தா? எங்க தெரு ரெட்டைப் பிள்ளைகளப் பெத்தவளே மாத்திக் கூப்பிடுவா.

ஐரின்: ரெட்டைக்கும் ரேகை வேறதான். ஆனா மெஷினும் தப்புப் பண்ணும். அதான் போன மாசமே பெரிய ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். காலையில பதில் வந்துச்சு. இந்தாங்க, பழைய போட்டோ.

ஜெயமேரி: மாதாவே! அதே காது... அதே தழும்பு... மீசைதான் கறுப்பு. பேரு என்ன?

ஐரின்: உடையப்பன். சாணார்பட்டிப் பக்கம்.

ஜெயமேரி: அட, இந்தா இருக்க ஊரு! அண்ணே... உடையப்பண்ணே... ஐரினு, பேரக் கேட்டதும் எந்திரிச்சு நிக்குறாரு பாரு!

ஐரின்: செத்த இருங்க, இதுல போன் நம்பர் இருக்கு. ஸ்பீக்கர்ல போடுறேன்... ஹலோ? திண்டுக்கல்லருந்து பேசுறேன். நீங்க யாருங்க?

போனில்: பழனிக்குமாரும்மா.

ஐரின்: உடையப்பன்னு ஒருத்தரு...

பழனிக்குமார்: எங்கண்ணன்! எங்க இருக்காரும்மா? ஒம்பது வருசமாத் தேடாத ஊரில்ல. என்னைக்காச்சும் கூப்பிடுவாருன்னுதான் இந்த நம்பரையே மாத்தல... உசுரோட இருக்காராம்மா?

ஜெயமேரி: உடையப்பண்ணே, அழாதீங்க... ஐரினு! வாயத் தொறக்குறாருடி!

உடையப்பன்: ஏலே குமாரு... வரப்புத் தகராறுல நான் அடிச்ச அடியில நீ செத்துட்டன்னு நெனச்சுல்லடா... இம்புட்டு நாளா ஊமையாக் கெடந்தேன்!