உரக்கப் படித்த பின்பே எடுக்கவும்

நீலமலையின் நெடும்பனியிலும் நேரம் தவறாது வந்து நூலகக் கதவைத் திறந்த நல்லவரே! குன்னூர் மேல்கடைவீதியில் குடைக்கடைக் குடும்பத்தில் பிறந்து, குரலை உயர்த்தாமலே கூட்டத்தை அமைதிப்படுத்தக் கற்ற குணக்குன்றே! அடுக்கிய நூல்களுக்கு அரணாகவும், ஆய்வு செய்வோர்க்கு அன்னையாகவும், அகந்தை அறியாத அலுவலராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் உதவி நூலகர் ஐயா அவர்களே!

இந்த இடத்தில் தங்கள் பெயர் வர வேண்டும். அதுதான் வழக்கம். பெயரைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

பாராட்டு மடல் என்றால் ஊட்டி அச்சகத்தில் ஆயத்தமாகவே இருக்கும். பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார்கள். தங்களுக்கும் அப்படி ஒன்று வாங்கி வந்தோம். "அஞ்சா நெஞ்சரே, அரிமா நிகர்த்தவரே" என்று தொடங்கியது. தங்களைச் சிங்கம் என்று சொன்னால் தாங்களே சிரித்துவிடுவீர்கள். ஆனாலும் அதைத்தான் படித்திருப்போம். அது மேசைக்குள் போய், எழுதும் பொறுப்பு என் கைக்கு வந்ததற்கு எங்கள் எல்லோருக்கும் வந்த வெட்கமே காரணம். நன்றி சொல்ல வந்த கூட்டத்தில் தலை குனிந்து நிற்கிறோம். அதையும் சேர்த்தே இந்த மடலை ஏற்க வேண்டுகிறோம்.

எழுதி வாசிப்பவன் பொன்னுத்துரை. நூலகத்தில் புத்தகக் கட்டுச் சுமப்பவன், அலமாரி துடைப்பவன், முற்பகலில் தேநீர் கொண்டு வருபவன். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்தவன். இப்போது முதுகு முன்போல் வளைவதில்லை, கட்டும் முன்போல் தோளில் ஏறுவதில்லை. கணினிப் பிரிவு ஜெகதீசன் சார், தாமே இதை வாசித்துத் தருவதாகச் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன். நடுவில் தடுமாறினால் சபையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐயா அவர்கள் கையை அசைத்து நிறுத்தச் சொல்வார் என்று தெரியும். நிறுத்த மாட்டேன்.

பொறுமையின் பொருளானவரே! கொரோனா வந்து பல்கலைக்கழகத்தைப் பூட்டிய அந்த ஆண்டை நினைத்துப் பார்க்கிறேன். பேருந்து நின்றுபோனது. நூலகத்து ஆட்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அவரவர் வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். லவ்டேல் சரிவில், வளாகத்துக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த நான் ஒருவன்தான் நடந்தே வரக்கூடியவன். அதனால் சாவியும் அனுமதிச் சீட்டும் எனக்குக் கிடைத்தன. வீட்டிலிருந்தபடியே நூலகத்தைப் பயன்படுத்த ஜெகதீசன் சார் ஒரு முறை செய்து கொடுத்தார். மாணவர்கள் வேண்டிய புத்தகத்தைக் கணினியில் கேட்பார்கள். அது என் போனுக்கு வரும். நான் புத்தகத்தை எடுத்து, கேட்ட பக்கங்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நல்ல முறைதான். உள்ளே நிற்கும் ஆளுக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிச் செய்த முறை. நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

எனக்குத் தெரியாது.

சிலோனிலிருந்து திரும்பி வந்தபோது நான் சின்னப் பையன். வந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டேன், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எண்களைக் கற்றேன். எழுத்து தேவைப்படவில்லை. நூலகத்திலும் கட்டு போக வேண்டிய இடத்தைக் கை காட்டுவார்கள், கொண்டு போய் வைப்பேன். ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அலமாரி வரைக்கும் போய்விடுவேன். அலமாரிக்கு முன்னால் நின்றால் அத்தனை புத்தகமும் ஒரே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் நாள், அவலாஞ்சியில் மின்வாரியக் குடியிருப்பில் இருந்த ஆய்வு மாணவி ஷண்முகப்ரியா, தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பற்றிய புத்தகம் கேட்டிருந்தார். புத்தகத்தின் எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வந்தது எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்ததை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பொறுப்பாகப் படம் பிடித்து அனுப்பினேன். அது மாட்டு வியாதிப் புத்தகம். தேயிலைச் செடிக்கும் கோமாரி வருமா என்று அந்தப் பெண் கேட்டு எழுத, அது எல்லோருடைய போனிலும் சுற்றியது. அன்றைக்கு அனுப்பிய மற்றவையும் அதே கதைதான். பூட்டிய கட்டடத்துக்குள், அத்தனை புத்தகத்துக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவியை நாளைக்குக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மறுபடி தோட்டத்துக்கே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போது தங்கள் போன் வந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். தாங்கள் கேட்டது இதுதான்.

"ஏனுங்க பொன்னுத்துரை, கண்ணாடி ஏதாச்சும் ஒடஞ்சு போச்சுங்களா?"

"ஆமாங்க சார். ஒடஞ்சு போச்சுங்க."

"கடையெல்லாம் பூட்டிக் கெடக்குது, இப்போ புதுசு வாங்க முடியாது. நீங்க ஊட்டுக்குப் போங்க. நாளைக்கு வேற வழி பாக்கலாம்."

அன்றுவரை நான் கண்ணாடி போட்டதே இல்லை. தினமும் என் கையால் தேநீர் வாங்கிக் குடித்த தங்களுக்கு அது தெரியாதா?

மறுநாள் புதிய முறை வந்தது. வாசகரும் தாங்களும் நானும் ஒரே வீடியோ அழைப்பில் இருப்போம். நான் போனைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடப்பேன். வீட்டில் இருப்பவர் தம் கண்ணாலேயே அடுக்கைப் பார்த்துத் தமக்கு வேண்டியதைச் சொல்வார். அதற்குத் தாங்கள் இரண்டு கட்டளை போட்டீர்கள். போனின் பின்பக்கக் கேமராதான் திறந்திருக்க வேண்டும், தூக்கி நடப்பவர் முகம் தெரியக்கூடாது என்பது ஒன்று. வாசகர் புத்தகத்தின் பெயரை உரக்கப் படிக்க வேண்டும், படித்த பின்பே அதை அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தவறு நேராமல் இருக்கத்தான் என்று சொல்லிவிட்டீர்கள்.

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. "ஒண்ணாங்கிளாஸ் மாதிரி கத்திப் படிக்கச் சொல்றீங்களே சார், பக்கத்து ஊட்டுல சிரிக்கறாங்க" என்று ஷண்முகப்ரியா குறைப்பட்டார். "சிரிக்கட்டும்மா, நீங்க படிங்க" என்றீர்கள். படித்தார். எல்லோரும் படித்தார்கள். மேற்கு ஜன்னல் வரிசையில்தான் சிக்னல் நிற்கும், மற்ற இடத்தில் குரல் விட்டுவிட்டு வரும். மறுபடி படிக்கச் சொல்வீர்கள். மறுபடியும் படிப்பார்கள். கண்ணெதிரே எழுத்து, காதோரம் அதன் ஓசை. விரலை வைத்துக்கொண்டு வாயை அசைத்துப் பார்ப்பேன். என் முகம்தான் யாருக்கும் தெரியாதே.

'மண்' என்ற சொல்தான் முதலில் பிடிபட்டது. அந்தப் பெண் தினமும் கேட்டதால் தினமும் பார்த்தேன். பிறகு 'மலை'. பிறகு 'மழை'. மழைக்காலம் வந்து, ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை வந்து நின்று மேய்ந்துகொண்டிருந்த ஒருநாள், ஷண்முகப்ரியா படிப்பதற்கு முன்பே என் வாய் படித்துவிட்டது, முழுப் பெயரையும், சத்தமாக.

"யாருங்க அது படிச்சது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"நாந்தாம்மா" என்றீர்கள் தாங்கள்.

தங்கள் குரலுக்கும் என் குரலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தப் பெண்ணும் அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கள் பக்கத்துப் படத்தில் எப்போதும்போல் தங்கள் வீட்டுத் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. அன்று மாலை வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன். கட்டுச் சுமந்த நாளைவிட மூச்சு வாங்கியது.

நூலகம் திறந்தது. அலமாரி நடை நின்றது. நானும் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழ் படிப்பவன் ஆனேன். ஆங்கிலம் இன்னும் முரண்டு பிடிக்கிறது. இத்தனை ஆண்டும் தங்களுக்குத் தேநீர் கொண்டு வந்தேன். தாங்களும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது அத்தோடு முடிந்த கதை என்றே இருந்தேன்.

பெருந்தகையே! போன வாரம் தேநீர் அறையில் இந்த விழாவைப் பற்றிப் பேச எல்லோரும் கூடினோம். ஜெகதீசன் சார் வருத்தமாகச் சொன்னார். "சார் அந்த வீடியோவ விட்டுட்டு நம்ம முறைக்கு வந்திருந்தா துணை நூலகரா ரிட்டயர் ஆயிருப்பாரு. புடிச்ச புடிய விடல." கவுன்டரில் இருக்கும் சபீஹா அம்மா சிரித்துக்கொண்டே, "நாம 'படம் காட்டுற பாய்'னு பேரே வெச்சமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கெட்டிலோடு நின்றேன். ஏன் அந்தப் பதவி வரவில்லை என்று கேட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குச் செய்ய வேண்டியதை ஒருவருக்குச் செய்தார், அறிஞர்களைக் குழந்தைகளைப்போல் கத்திப் படிக்க வைத்தார், சொன்ன முறையை மாற்றினார் என்று தங்கள் மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவனுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். வாசகர் தாமே படித்து உறுதி செய்வதுதான் பிழையில்லாத முறை என்று தாங்கள் எழுதிக் கொடுத்தீர்களாம். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லையாம்.

அதன் பிறகு துணை நூலகர் வேறு ஊரிலிருந்து வந்தார், தங்களைவிட இளையவர். அவருக்கு அறை விட, தங்கள் மேசையைச் சின்ன அறைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான், ஐயா. ஜன்னலோரம் தங்களுக்குப் பிடிக்கும் போல என்று நினைத்தேன். எந்தப் பக்கம் போடட்டும் என்று வேறு கேட்டேன். வெளிச்சம் வருகிற பக்கம் போடுங்க என்றீர்கள். அதை நினைக்க நினைக்க, தூக்கிய இந்தக் கை கூசுகிறது.

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "எனக்கு அப்போ படிக்கத் தெரியாதுங்க."

சிரிப்பு நின்றது. சபீஹா அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார் ஜெகதீசன் சார். சொல்லியிருந்தால் எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டிருப்பீர்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. "போட்டுத்தான் இருப்பேன், அண்ணா" என்றார். பிறகு அச்சடித்த மடலை மேசைக்குள் வைத்துவிட்டு, தம் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பிடிவாதக்காரர் என்று தங்களைப் பேசினோம். படம் காட்டுகிறார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். தாங்கள் எனக்கு நிழலாக நின்றது எங்களில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. நிழலில் இருந்த எனக்கே தெரியவில்லை. போன பதவியைத் திருப்பித் தர எங்களால் ஆகாது. தங்களோடு வீட்டுக்கு வரும் அந்தப் பட்டப் பெயரையாவது இந்தச் சபையில் கழற்றி வைக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். தங்களைத் தெரியும், எனக்காக இதை ஏதாவது ஒரு கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவீர்கள். வேண்டாம், ஐயா. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி முன்னறையில் மாட்டுங்கள். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பதிலாகத் தாங்கள் இத்தனை காலம் சுமந்தது போதும், இனி என் சுமையை நானே தூக்கிக்கொள்கிறேன்.

இறைவன் அருளால் தாங்களும் துணைவியார் சுரையா அம்மாவும் நோயின்றி, நொடிப்பின்றி, நூறாண்டும் தாண்டி வாழ வேண்டும். காலைப் பனியில் கதவு திறக்க ஓட வேண்டியதில்லை. வெயில் வந்த பிறகு எழுந்தால் போதும். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் மேற்கு ஜன்னல் வரிசையில் தங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும், வெளிச்சம் வருகிற பக்கத்தில்.

இனிப் பெயர். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. இத்தனை ஆண்டில் ஒருமுறைகூடத் தங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை, சார் என்பதோடு சரி. ஆனால் உரக்கப் படித்த பின்பே அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பது தாங்கள் போட்ட கட்டளை. இன்று தாங்களே எங்கள் அடுக்கிலிருந்து போகிறீர்கள். சின்ன அறைக் கதவில் இருந்த பெயர்ப் பலகையை இன்று காலை நான்தான் கழற்றினேன். கையில் வைத்திருக்கிறேன். கண்ணாடி போடாமல் படிக்கிறேன்.

அப்துல் கஃபார்.

இப்படிக்கு,
தலை தாழ்த்தியும் நன்றி மறவாமலும்,
பொன்னுத்துரை
மற்றும் தங்கள் நூலகப் பணியாளர்கள் அனைவரும்