கோபுரம் சொல்லாத எண்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ரயில் நிலையத்துக்குப் பின்புறக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மூத்த மகன் வீட்டில் வசிக்கிறேன். மூத்த மகனின் மகள் பல் மருத்துவர். அவள் தம்பி விமான நிலையக் கோபுரத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் அதிகாரி. தேர்வில் முதலாவதாக வந்தவன். இளைய மகனின் மகள், வீட்டில் வாண்டு, இருபத்து மூன்று வயதில் விமானம் ஓட்ட உரிமம் வாங்கியவள். இதெல்லாம் தேவையில்லை என்று விசாரணை அலுவலகத்தில் என் வாக்குமூலத்தை எழுதும் ஐயா சொன்னார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

கோபுரமும் விமானங்களும் பேசிக்கொள்வதைக் கேட்கப் பேரன் எனக்கு ஒரு ரேடியோ வாங்கித் தந்திருந்தான். விமான நிலைய வான் எல்லைக்குள் நுழையுமுன் விமானி தன் விமான எண், இடம், உயரம் சொல்ல வேண்டும் என்றும், கோபுரம் அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் உள்ளே வரலாம், எண் சொல்லாமல் காத்திருக்கச் சொன்னால் வெளியிலேயே சுற்ற வேண்டும் என்றும் வாண்டுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சென்ற செவ்வாய் காலை பத்தரை மணிக்கு பீன்ஸ் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வாண்டு எல்லாம் சரியாகச் சொன்னாள். அதன் பிறகு பேரன், "வாண்டு, கொஞ்சம் இரு" என்றான். எண் சொல்லவில்லை. அவள் "சரிண்ணா" என்றாள், குரலில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு அவன் இறங்கவிருந்த ஒரு பெரிய விமானத்தோடு பேசினான். நான்கு நிமிடம் கழித்து, "உன்ன யாரு உள்ள வரச் சொன்னது? திரும்பு, திரும்பு" என்று கத்தினான். "நீதானேண்ணா கூப்பிட்ட" என்றாள். அதன் பிறகு அவள் குரல் வரவில்லை. பெரிய விமானத்தின் வழியிலிருந்து விலகத் தாழத் திரும்பியவள் ஏரியில் விழுந்ததாகப் பிற்பகல் சொன்னார்கள்.

மாலையில் பேரன் வந்து, ஷூவைக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தான். கோபுரத்தின் ஒலிப்பதிவு அன்று ஓடவில்லை என்றான்.

"பாட்டி, ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன்டா."

"நான் அவ பேர சொல்லல. யாரா இருந்தாலும் வெளிய இருன்னுதான் சொன்னேன். அப்படித்தானே?"

சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அதன் பிறகு இளைய மகன் தொலைபேசியில், "எம் பொண்ணு சொல்பேச்சு கேக்காமப் போயி விழுந்தான்னு விசாரணை அறிக்கையில எழுதப் போறாங்களாம்மா" என்று அழுதான். அதனால்தான் வந்தேன். வாண்டு விதி தெரிந்தவள், அவள் செய்ததும் தவறுதான். ஆனால் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு வாசலில் நிற்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. இன்று பேரன்தான் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூடவில்லை, ஒன்றும் விடுபடவில்லை, அத்தனையும் உண்மை. கையெழுத்து நானே போடுகிறேன். உங்கள் அலுவலக இணையப் பக்கத்தில் விபத்துச் செய்தியோடு இருக்கும் வாண்டுவின் படத்தில் அவள் கண் மூடியிருக்கிறது. போன மாதம் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேரன் எடுத்த புதுப் படத்தை இத்துடன் தருகிறேன். தயவுசெய்து அதைப் போடுங்கள்.